ஆவுடையப்பன் நாடகத்துக்கு ரெண்டு டிக்கெட்டு

எங்க மாமனாரு பேரு ஆவுடையப்பன். இத மொதல்லயே போட்டு ஒடச்சுடுறேன், ஏன்னா கதையே அந்தப் பேரச் சொல்றதுலதான் இருக்கு. புருசன் பேரப் பொண்டாட்டி சொல்லக்கூடாது, மாமனாரு பேர மருமக சொல்லக்கூடாது, சொன்னா அவங்க ஆயுசு கொறையும்னு எல்லாரும் நம்புன காலம் அது. எனக்கு இப்ப எழுதக் கையும் கூசல, வாயும் கூசல. ஆவுடையப்பன். அப்பவும் கூசல, அதத்தான் சொல்ல வாரேன்.

யுத்தம் நடந்துக்கிட்டிருந்த சமயம். பஸ்ஸெல்லாம் பெட்ரோல் இல்லாம கரியில ஓடுச்சு. எனக்குக் கல்யாணமாகி நார்த்தாமலையிலேருந்து கீரனூருக்கு வந்து ஒரு வருசம் கழிஞ்சிருந்துச்சு. வீட்டுல நாங்க நாலு பேருதான். மாமா, அத்தை, எங்க வீட்டுக்காரரு அழகுமலை, நான். பாத்தீங்களா, புருசன் பேரையும் சொல்லிப்புட்டேன். ஒண்ணும் ஆகல, அவரு நல்லா வயசாகித்தான் போயிச் சேந்தாரு.

அத்தை பேரு பிரகதாம்பாள். நல்ல ஒசரம், நல்ல செவப்பு, ஒரு மூட்டை நெல்ல ஒத்தையாப் பொரட்டிப் போடுவாங்க. ஆனா அந்த வீட்டுல கொழம்புக்குக் கத்திரிக்காயா மொச்சையான்னு கூட மாமா சொல்லணும். தீவாளிக்குச் சேலையும் அவரு எடுத்துட்டு வாரதுதான். நான் வந்த வருசம் கருப்பு மாதிரி ஒரு ஊதாக் கலரு எடுத்துட்டு வந்தாரு, அத்தை வாயத் தொறக்காம கட்டிக்கிட்டாங்க. நான் கேட்டேன், "ஏன் அத்தை, புடிக்கலன்னு சொன்னா என்ன?" அதுக்கு, "என்னைய எப்பக் கேட்டாக சொல்றதுக்கு"ன்னாங்க. கோவமாக் கூடச் சொல்லல. வெயிலு அடிக்குதுன்னு சொல்ற மாதிரிச் சொன்னாங்க.

அவங்களுக்குன்னு ஒரே ஒரு ஆசை இருந்துச்சு. கீரனூர்ச் சந்தையில ஒரு சோடாக்கடைக்காரன் கிராமபோன் பெட்டி வச்சிருந்தான். அதுல தோகைமலை ராஜாமணின்னு ஒரு நாடகக்காரி பாட்டு போடுவான். சந்தைக்குப் போனா அத்தை கருவாட்டுக் கூடையத் தூக்கிக்கிட்டு அந்தக் கடைப் பக்கம் நின்னுடுவாங்க. ராஜாமணி குரலு அப்படி இருக்கும், கெணத்துக்குள்ள எறங்கி மறுபடி மேல ஏறி வர்ற மாதிரி. பிளேட்டு முடிஞ்சதும் அத்தை எங்கிட்ட, "இவ ஆளு எப்படி இருப்பா சொர்ணம்? குண்டா இருப்பாளோ?"ன்னு கேப்பாங்க. சொர்ணவல்லிங்கிறது எம் பேரு.

அந்த வருசம் மாசியில மாமாவுக்கு அம்மை போட்டுருச்சு. ஒடம்பு பூரா முத்து. வேப்பெலையப் பரப்பிப் படுக்க வச்சோம். எங்க ரெண்டு பேரையும் கிட்ட விடாம அத்தையேதான் எல்லாம் பாத்தாங்க. இளநி குடுக்க, வேப்பங்கொழுந்தால நீவிவிட, ராவெல்லாம் விசிறிக்கிட்டே ஒக்காந்திருக்க. தலைக்குத் தண்ணி ஊத்துறதுக்கு மொத நாளு, மாமா கண்ணத் தொறந்து அத்தையப் பாத்தாரு. நாங்க வாசப்படிகிட்ட நின்னுக்கிட்டிருந்தோம்.

"பிரகதம்," அப்படின்னாரு. பேரச் சொல்லிக் கூப்புட்டதே அன்னிக்குத்தான் நான் கேட்டேன். "நான் எந்திரிச்சதும் ஒன்னயத் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு நாளு தங்குவோம். நாடகம் பாப்போம். எந்த நாடகம்னு நீயே சொல்லு. நீ சொல்றதுக்குத்தான் போறோம்."

"நெசமாவா?"ன்னாங்க அத்தை.

"ஆத்தா வீட்டுக்குள்ள இருக்கா. பொய் சொல்லுவனா?"

மாரியாத்தா வீட்டுக்குள்ள இருக்கறப்ப, வேப்பெலை மேல படுத்துக்கிட்டுச் சொன்ன வார்த்தை. அதுக்கு மேல ஒரு வார்த்தை கெடையாது. அத்தை அன்னிக்கிலேருந்து வேற ஆளு. பாத்திரம் தேய்க்கிறப்பல்லாம் எங்கிட்ட, "ராஜாமணி நாடகம் நாம போற நேரம் திருச்சியில இருக்கணுமே"ங்கிறதுதான் பேச்சு. எனக்குத் தெரிஞ்சு போச்சு, அவங்களுக்கு நாடகம் மட்டும் இல்ல கணக்கு. நாம ஒண்ணு சொல்லி அது நடக்குதான்னு வாழ்க்கையில ஒரு தடவ பாத்துடணும். அவ்வளவுதான்.

சித்திரையில நாலு பேரும் கெளம்புனோம். கரிப் பஸ்ஸு ஏத்தத்துல மூச்சு வாங்கி நின்னுருச்சு. எங்க வீட்டுக்காரரும் மத்த ஆம்பளைங்களும் எறங்கித் தள்ளுனாங்க. மாமா மட்டும் எறங்கல, சன்னல் வழியாத் தலைய நீட்டி, "இடது பக்கம் பலமாத் தள்ளுங்கப்பா"ன்னு சொல்லிக்கிட்டு வந்தாரு. திருச்சி போய்ச் சேந்தப்ப எல்லாரு மொகமும் கரி, அவரு மட்டும் வெள்ளையும் சொள்ளையுமா எறங்குனாரு.

சத்திரத்துல தங்குனோம். மறுநா மலைக்கோட்டை ஏறி எறங்கி, வளையல் வாங்கிக்கிட்டு, தெப்பக்குளத்துப் பக்கம் வந்தப்ப ஒரு மாட்டு வண்டி பேண்டு அடிச்சுக்கிட்டு வந்துச்சு. ரெண்டு பக்கமும் தட்டி கட்டி, நோட்டீசா வீசிக்கிட்டே போறாங்க. எங்க வீட்டுக்காரரு ஓடிப் போயி ஒண்ணு எடுத்துட்டு வந்தாரு. அத்தை கிட்ட வந்து நின்னுக்கிட்டாங்க.

"இன்னிக்கு ரெண்டு கொட்டகையில நாடகம்"னு படிச்சாரு. "ஒண்ணு சாமி நாடகம். பிரகலாதன் கதை. தூணப் பொளந்துக்கிட்டு நரசிம்மரு வாராராம், தந்திரக் காட்சியாம்."

"இன்னொண்ணு?"ன்னாங்க அத்தை.

"இன்னொண்ணு தோகைமலை ராஜாமணி நடிக்கிறது." அத்தை என் கையப் புடிச்சாங்க பாருங்க, புது வளையல் ரெண்டு ஒடஞ்சு போச்சு. "பாளையக்காரர்..." அப்படின்னு ஆரம்பிச்சவரு நிறுத்திட்டாரு. மறுபடி, "பாளையக்காரர்..."னாரு. அப்புறம் நோட்டீச எங்கிட்ட நீட்டிட்டாரு; அப்பா முன்னாடி அவரு பேர மகன் எப்படிச் சொல்லுவாரு? நான் மூணாங்கிளாசு வரைக்கும் படிச்சவ. எழுத்துக் கூட்டிப் பாத்தேன். பாளையக்காரர் ஆவுடையப்பன். வாய மூடிக்கிட்டேன்.

மாமாவே வாங்கிப் பாத்தாரு. பேரப் பாத்ததும் மீசைய நீவிக்கிட்டுச் சிரிச்சாரு. கீழ கதைச் சுருக்கம் போட்டிருந்துச்சு, அதப் படிக்கப் படிக்கச் சிரிப்பு கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. அந்தப் பாளையக்காரரு பொண்டாட்டிக்கு ஒரு வாக்குக் குடுத்துட்டு மீறிடுறாராம். அவ கோட்டைக் கதவச் சாத்திப்புட்டு, மதிலு மேல நின்னு அவரு பேரச் சொல்லிச் சொல்லிப் பாடுறாளாம். ராஜாமணி பேரு வாங்குன பாட்டே அதுதானாம்.

"சாமி நாடகம் நல்லாருக்கும்போல. தூணெல்லாம் பொளக்குதாம்"னாரு மாமா.

அத்தை நெலத்தப் பாத்துக்கிட்டே, "எனக்கு ராஜாமணி நாடகந்தாங்க"ன்னாங்க.

மாமா ஒரு நிமிசம் யோசிச்சாரு. அப்புறம் மொகம் தெளிஞ்சுருச்சு. "அதுக்கென்ன. நான் குடுத்த வாக்கு வாக்குத்தான். நீயே போயிக் கேட்டு வாங்கிட்டு வா. எந்த நாடகம்னு பேரச் சொல்லிக் கேளு, குடுப்பான்." காச அத்தை கையில குடுத்தாரு. அவரு அவ்வளவு சுளுவா ஒத்துக்கிட்டதுதான் எனக்கு உறுத்துச்சு.

ரெண்டு கொட்டகைக்கும் ஒரே எடத்துலதான் டிக்கெட்டு, தெப்பக்குளத்துக்கு எதுத்தாப்புல ஒரு சோடாக்கடை ஓரத்துல. சின்னச் சன்னலு, உள்ள ஒரு ஆளு. முன்னாடி ஒரே கூட்டம். ராஜாமணி நாடகம்னு கேட்ட ஒருத்தன, "ஆளு பேரெல்லாம் வேணாம், நாடகத்துப் பேரச் சொல்லு"ன்னு அந்த ஆளு வெரட்டிக்கிட்டிருந்தான். ஆம்பளைங்க ரெண்டு பேரும் எதிர் பக்கத்துக் காப்பிக் கடைக்குப் போயிட்டாங்க. அங்க எங்க ஊரு நெல்லுத் தரகரு சேவுகன் வேற ஒக்காந்திருந்தாரு.

"நான் கேக்குறேன் அத்தை"ன்னேன்.

"இல்ல. எனக்குச் சொன்ன வார்த்தை. நாந்தான் வாங்குவேன்"னு சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு முன்னாடி போனாங்க. நான் பின்னாடி.

"எந்த நாடகம்?"ன்னான் டிக்கெட்டுக்காரன்.

"எங்க வீட்டுல இருக்காகள்ல, அவுக பேரு உள்ள நாடகம் தம்பி."

"ஒங்க வீட்டுல யாரு இருக்கான்னு எனக்கெப்படிம்மா தெரியும்?"

"அதான், அந்தத் தெக்கத்திக் கோயிலுச் சாமி பேரு."

இத நான் வெவரமாச் சொல்லணும். எங்க பக்கம் ஆவுடையார்கோயில்னு பெரிய கோயிலு இருக்குல்ல. மாமா பேரு அதுலயும் வந்துடுதுன்னு, எங்க வீட்டுப் பொம்பளைங்க ஊரு பேரையும் சொல்றதில்ல. தெக்கத்திக் கோயிலும்போம். சொந்தக்காரங்க எல்லாருக்கும் புரியும். பால்காரனுக்குப் புரியும். அதனால ஒலகத்துக்கே புரியும்னு நெனச்சுட்டோம். அத்தை அப்படிச் சொன்னதும் எனக்கும் ஒண்ணும் தப்பாத் தோணல, என்ன சாமர்த்தியமாச் சொல்லிட்டாங்கன்னுதான் நெனச்சேன். டிக்கெட்டுக்காரன் காதுல விழுந்தது சாமிங்கிறது ஒண்ணுதான். "சாமி நாடகமா, அத மொதல்லயே சொல்றதுக்கென்ன"ன்னு தனக்குள்ள முனகிக்கிட்டே, அத்தை நீட்டுன காசுக்கு நாலு டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்தான். சத்தத்துல அப்ப எங்களுக்கு அது எட்டல, பக்கத்துல நின்னவங்க அப்புறம் சொல்லித்தான் தெரியும்.

அத்தை மொகத்தப் பாக்கணும் நீங்க. டிக்கெட்ட ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு ரோட்டத் தாண்டுறாங்க, எதுக்க வர்ற ஜட்கா வண்டி தெரியல அவங்களுக்கு. காப்பிக் கடைக்குப் பின் பக்கமா வந்தோம். மாமா எங்களப் பாக்காம சேவுகங்கிட்டப் பேசிக்கிட்டிருந்தாரு.

"எப்படி வாங்குவா? பேரச் சொல்லணும்ல. செத்தாலும் சொல்ல மாட்டா. நான் மாட்டேன்னும் சொல்லல, வாக்கும் தப்பல."

சேவுகன் காப்பி பொரையேறச் சிரிச்சாரு. எங்க வீட்டுக்காரரு எங்களப் பாத்துட்டு அப்பாவத் தொட்டாரு.

மாமா திரும்பி, கொஞ்சங்கூட அசராம, "வாங்கியாச்சா? கொண்டா"ன்னாரு. டிக்கெட்டப் பாத்தாரு. பாத்ததும் ஒரு சிரிப்பு, கடையில இருந்தவங்கல்லாம் திரும்பிப் பாத்தாங்க. "இந்தா, சாமி நாடகத்துக்குல்ல வாங்கிட்டு வந்திருக்கா. சரி விடு, சாமியே தீர்ப்புச் சொல்லிட்டாரு."

நான் எட்டிப் பாத்துப் படிச்சேன். ஆமா, பிரகலாதன்னுதான் முத்திரை குத்தியிருந்துச்சு.

அத்தைக்குக் கண்ணு கலங்கல. தீவாளிச் சேலை கட்டுன அன்னிக்கு எப்படி மொகம் இருந்துச்சோ அப்படியே ஆயிருச்சு. "விடு சொர்ணம். எல்லாம் நாடகந்தான்"னாங்க.

எனக்குத்தான் பொறுக்கல. திட்டியிருந்தாருன்னா கூடப் பொறுத்திருப்பேன். கூட்டிட்டுப் போக முடியாதுன்னு மொகத்துக்கு நேரச் சொல்லியிருந்தாக் கூடச் சரின்னு இருந்திருப்பேன். அவரு ஆயுசுக்காக அந்தம்மா வாய்க்குள்ள அடக்கி வச்சிருந்த பேர எடுத்து, அவங்க வாயிலயே பூட்டாப் போட்டாரு பாருங்க. அதான்.

"மாமா, அந்த டிக்கெட்டக் குடுங்க"ன்னேன்.

"எதுக்கு?"

"மாத்திட்டு வாரேன்."

"பேசாம இரு"ன்னு எங்க வீட்டுக்காரரு கிசுகிசுத்தாரு.

"நான் பேசாம இருந்தா நீங்க பேசுவீகளா?"ன்னேன். அவரு காப்பி டம்ளரப் பாத்துக்கிட்டாரு.

மாமாவுக்கு வேடிக்கையா இருந்துச்சு. "போகட்டும்டா, போயிப் பாக்கட்டும்"னு டிக்கெட்டக் குடுத்துட்டு, அவரும் எந்திரிச்சு ரோட்டத் தாண்டி வந்தாரு. சேவுகனும் வந்தாரு. அத்தையும் வந்தாங்க, கடைசியா எங்க வீட்டுக்காரரும். கூட்டத்தப் பொளந்துக்கிட்டுச் சன்னலுக்குப் போனேன்.

"தம்பி, இது தப்பான டிக்கெட்டு. மாத்திக் குடுங்க."

"கிழிச்சது கிழிச்சதுதாம்மா. அந்தம்மாதான சாமின்னுச்சு?"

எனக்குப் பின்னாடி குடும்பத்தோட நின்ன ஒருத்தரு, "எங்களுக்குச் சாமி நாடகத்துக்குத்தான் நாலு வேணும், அத நாங்க எடுத்துக்கிறோம். ஒங்களுக்கு எது வேணும்னு சட்டுனு சொல்லு தாயி, பிள்ளை அழுவுது"ன்னாரு. நல்ல மனுசன்.

"சொல்லும்மா, எந்த நாடகம்?"ன்னான் டிக்கெட்டுக்காரன்.

மாமா எனக்குப் பக்கத்துல கையக் கட்டிக்கிட்டு நின்னாரு. நான் அவர ஒரு பார்வை பாத்தேன். அப்புறம் சன்னலப் பாத்துச் சொன்னேன்.

"ஆவுடையப்பன்."

சேவுகன் சிரிப்பு நின்னு போச்சு. எங்க வீட்டுக்காரரு காதப் பொத்திக்கிட்டதா அப்புறம் எங்கிட்டச் சொன்னாரு.

"யாரு பேரச் சொன்ன?"ன்னாரு மாமா.

"நாடகத்துப் பேரச் சொன்னேன் மாமா."

"அது எம் பேரு."

"நாடகத்துல வாரவரு, குடுத்த வாக்க மீறுன ஆவுடையப்பன். நீங்க மீறலையே, ஒங்களுக்கு ஏன் சுடுது?"

சுத்தி நின்னவங்கள்ல ரெண்டு பேரு களுக்குனு சிரிச்சாங்க. மாமா மொகம் அம்மை போட்டப்ப இருந்த மாதிரி ஆயிருச்சு. "எனக்கு எந்த நாடகமும் வேணாம். எல்லாரும் பொறப்படுங்க, சாயங்காலப் பஸ்ஸு இருக்கு. மரியாதை கெட்ட எடத்துல எனக்கென்ன வேலை?"

நான் பயந்தனான்னா, பயந்தேன். ஊருக்குப் போனா பொறந்த வீட்டுல கொண்டு விட்டாலும் விடுவாங்க. ஆனா சொன்ன பேரத் திரும்ப வாங்கிக்க நான் தயாரா இல்ல. சன்னலப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.

"நாலா, மூணா, இல்ல ஒண்ணுமே வேணாமா? சீக்கிரம் சொல்லுங்கம்மா"ன்னான் டிக்கெட்டுக்காரன்.

அப்பத்தான் என் தோளுல ஒரு கை விழுந்துச்சு. அத்தை. என்னைய மெதுவா நகத்திட்டுச் சன்னலுக்கு முன்னாடி வந்து நின்னாங்க. மாமா, "ஏய், வான்னா வா"ன்னாரு. அத்தை திரும்பல.

"ரெண்டு தம்பி. பொம்பளை டிக்கெட்டு ரெண்டு."

"எதுக்கு?"

நான் பக்கத்துல நின்னதுனால பாத்தேன், அத்தை ஒதடு ரெண்டு தடவ கூடி ரெண்டு தடவயும் பிரிஞ்சுருச்சு. மூணாவது தடவ வந்துச்சு.

"ஆவுடையப்பன் நாடகத்துக்கு."

சத்தமா இல்ல, சன்னமா இல்ல. சந்தையில கருவாடு கேக்குற மாதிரி. சொல்லிட்டு மாமாவப் பாத்தாங்க. அவரு நின்ன எடத்துலதான் நின்னாரு, மார அடைக்கல, மயக்கம் வரல. ஆயுசெல்லாம் அப்படியேதான் இருந்துச்சு. அத்தையும் அத நல்லா ஒரு தடவ மேலேருந்து கீழ வரைக்கும் பாத்துக்கிட்டாங்க.

"சாயங்காலப் பஸ்ஸுக்கு நீங்க போறதுன்னாப் போங்க. நாங்க காலையில வாரோம். ஆம்பளை டிக்கெட்டு வேணும்னா ஆம்பளைங்கதான் வாங்கிக்கணும்"னு சொல்லிட்டு, பழைய டிக்கெட்டுக்குத் திரும்பி வந்த மிச்சக் காச அவரு கையிலயே குடுத்துட்டு, முந்தியில முடிஞ்சு வச்சிருந்த காசுல எனக்கும் அவங்களுக்கும் ஆளுக்கொரு சோடா வாங்குனாங்க. மாமாகிட்டக் கேக்காம. கலர் சோடா.

நாங்க சோடா குடிச்சுக்கிட்டிருக்கறப்பவே எங்க வீட்டுக்காரரு நைசா வரிசையில போயி நின்னாரு. அவரு மொறை வந்தப்ப, "அவங்க வாங்குனாங்கள்ல, அதுலயே எனக்கொண்ணு"ன்னு சொல்லி வாங்கிட்டாரு. அப்பா பேரையும் சொல்லல, பொண்டாட்டியையும் பகைக்கல. பொழைக்கத் தெரிஞ்ச மனுசன்.

சேவுகன் வேலை இருக்குன்னு கழண்டுக்கிட்டாரு. மாமா கொஞ்ச நேரம் தெப்பக்குளத்தப் பாத்துக்கிட்டு நின்னாரு. துண்ட ஒதறித் தோளுல போட்டாரு. எடுத்தாரு, மறுபடி போட்டாரு. அப்புறம் யாரையும் பாக்காம வரிசையில போயி நின்னாரு. அவருக்கு முன்னாடி இருந்த ஆளு சாமி நாடகத்துக்கு வாங்கிட்டுப் போயிட்டான். அதனால எங்க வீட்டுக்காரரு சொன்ன மாதிரி அதுலயே ஒண்ணுன்னு கேக்கவும் வழியில்ல.

"எந்த நாடகம் பெரியவரே?"

மாமா எங்க பக்கம் திரும்பிப் பாத்தாரு. பாவமாத்தான் இருந்துச்சு எனக்கு. நான் எந்திரிக்கப் போனேன்.

அத்தை என் முந்தானையப் புடிச்சு இழுத்து ஒக்கார வச்சாங்க.

"இரு சொர்ணம்," அப்படின்னாங்க, சோடாவ ஒரு வாய் குடிச்சுட்டு. "அவுகளே சொல்லட்டும்."